ஜும்மாவுக்கு முன் எழுதிய ஒரே பற்றுச்சீட்டு

தண்டப்பண வசூலை வெளியாளிடம் ஒப்படைப்பதா, நாமே அலைவதா என்று உங்கள் நகரசபை வருமானப் பிரிவு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதாகக் கேள்விப்பட்டேன். வேலையிலிருந்து இளைப்பாறிய ஒருவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் அவன் நாற்பது சொல்வான். அது தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறீர்கள், அனுபவியுங்கள்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியாளிடம் கொடுங்கள். சபை ஊழியன் தெருவில் இறங்கி லொறிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர்க் குழாயை யார் பார்ப்பது, தெருவிளக்கை யார் பார்ப்பது? விலை கேட்டுக் கேள்விப்பத்திரம் கோருங்கள், பங்கு பேசுங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள். இதிலெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை, என்னைவிடப் படித்தவர்கள் நீங்கள். ஆனால் வசூல்காரன் மோசம் செய்துவிடுவான் என்று பயப்படுகிறீர்களே, அந்தப் பயத்தில் பாதியை அவன் கையில் கொடுக்கப்போகும் பட்டியலின்மேல் வையுங்கள். அதைத் தயாரிப்பது நீங்கள். அப்படி ஒரு பட்டியலில் நான் கையொப்பம் வைத்து, ஒரு மனிதரை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்த கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பதுளையில் பஸ் ஏறி வருபவர்கள் பாதி வழியில் சுவெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்வார்களே, அந்த உயரத்தில் உள்ள மலைநகரங்களில் ஒன்று. ஒரே பெரிய தெரு. தெருவின் இரண்டு பக்கமும் கடைகள். சுற்றிலும் உள்ள தோட்டங்களின் லொறிகள் அரிசி, மா, பருப்பு ஏற்ற அந்த ஒரே தெருவுக்குத்தான் வரவேண்டும். கடை வாசலில் அரை மணி நேரத்துக்கு மேல் வாகனம் நின்றால் தண்டப்பணம் என்று சபை சட்டம் போட்டிருந்தது. ஒரு லொறி அரிசியை அரை மணியில் ஏற்றி முடிக்க ஜின்களால்கூட முடியாது. ஆகவே சபையின் ஆள் வாகன இலக்கத்தை எழுதிய ஒரு துண்டைக் கண்ணாடியில் செருகிவிட்டுப் போவான். அது தினசரி நடப்பது, யாருக்கும் அதில் கோபமில்லை.

கோபம் இல்லாததற்குக் காரணம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே தோட்டங்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. லொறி நின்றது தோட்டத்துச் சாமான் ஏற்ற, அதனால் தண்டமும் தோட்டத்துச் செலவு. டிரைவர் துண்டைக் கொண்டுபோய்த் தோட்டக் கந்தோரில் கிளாக்கரிடம் காட்டுவார், அவர் காசு கொடுப்பார். ஆனால் அந்தக் காசைச் சபையில் கட்ட டிரைவருக்கு நேரம் ஏது? எங்கள் கவுண்டர் திறந்திருக்கும் நேரத்தில் அவர் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அல்லது அப்புத்தளை வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அவர் அடுத்த முறை வரும்போது துண்டையும் காசையும் சாமான் ஏற்றும் கடையிலேயே கொடுத்துவிடுவார். கடைக்காரர் எல்லா லொறிகளின் துண்டுகளையும் சேர்த்து வாரம் ஒருமுறை சபையில் கட்டுவார். பெரிய அரிசிக் கடை ஒன்றுதான் முக்கால்வாசித் தோட்டங்களுக்கும் சாமான் கொடுத்தது. முதலாளியும் எங்கள் ஆள், அந்தக் கடையின் கணக்கர் மொஹிதீன் நானாவும் எங்கள் ஆள், பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்து வரிசை.

நான் அப்போது கவுண்டரில் காசு வாங்கும் சிறாப்பர். மொஹிதீன் நானா வாரத்தில் எந்த நாள் வருவார் தெரியுமா? வெள்ளிக்கிழமை. எத்தனை மணிக்கு? பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்க. ஜும்மாவுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு, பள்ளிக்குப் போகிற வழியில், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே துண்டுக் கட்டையும் காசையும் என் முன்னால் வைப்பார்.

"தம்பி, பாங்கு சொல்லப் போறாங்க. சுருக்கா!"

நானும் அதே பள்ளிக்கு ஓட வேண்டியவன். பத்து, பதினைந்து துண்டுகளுக்குத் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தால் குத்பாப் பிரசங்கமே முடிந்துவிடும். மொத்தக் காசையும் எண்ணி, கடையின் பெயரில் ஒரே பற்றுச்சீட்டு எழுதுவேன். "பல வாகனங்கள், தண்டப்பணம்." அவ்வளவுதான். துண்டுகளை ஒரு நூலால் கட்டி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, பின்னேரம் வந்து தண்டப் பதிவேட்டில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேரே 'கட்டியது' என்று குறித்துவிடலாம் என்று எழும்பி ஓடுவேன். சில வாரங்கள் வந்து குறித்தேன். பல வாரங்கள் குறிக்கவில்லை. ஜும்மா முடிந்து வீட்டில் புரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறவனுக்குப் பதிவேடு எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறது! லாச்சி நிறைந்தபோது பியோன் அந்தக் கட்டுகளைத் தேத்தண்ணி அடுப்புக்கு எடுத்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை. காசு சரியாக இருந்தது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பள்ளிக்குப் போனது பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பி வந்து மிச்சத்தை எழுதாததுதான் பிழை.

மூன்று நாலு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. உள் அறை, சுழல் நாற்காலி, வருமானப் பரிசோதகர் என்று ஒரு பலகை. அந்தச் சமயத்தில்தான் தண்டப்பணம் நிறையப் பாக்கி நிற்கிறது என்று சபைத் தலைவரான தவிசாளர் கூட்டத்தில் சத்தம் போட்டு, வெளியாளிடம் வசூலை ஒப்படைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். கேள்விப்பத்திரம் கோரினோம். வசூலிப்பதில் காற்பங்கு தனக்கு என்று கேட்டவருக்குக் கிடைத்தது. பஸ் கம்பனிகள் தனியாரிடம் இருந்த காலத்தில் டிக்கட் பரிசோதகராக இருந்தவர் அவர். வெள்ளைச் சட்டை, கறுப்புத் தோல் பை, சொந்தமாக ஒரு தட்டச்சு இயந்திரம். பஸ் நிலையத்துக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். ஒருவரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. நீங்கள் பயப்படுகிற மாதிரியான ஆளே இல்லை.

பாக்கிப் பட்டியலை லிகிதர் ஒருவர் பதிவேட்டைப் பார்த்துப் பிரதி எடுத்தார். 'கட்டியது' என்று குறிக்காத வரிகளையெல்லாம் எழுதினார். அது அவருடைய வேலை, சரியாகவே செய்தார். அதைச் சரி என்று உறுதிப்படுத்திக் கையொப்பம் வைக்க வேண்டியவன் நான். எத்தனையோ பக்கம். நான் முதல் பக்கத்தைப் பார்த்தேன், கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன், பேனாவைத் திறந்தேன்.

வசூல்காரர் டிரைவர்மாரைத் தேடிப் போகவில்லை. டிக்கட் பரிசோதகர் மூளை அல்லவா! ஒவ்வொரு தோட்டத்தையும் நடத்தும் துரைக்கும் மரியாதையாக ஒரு கடிதம் தட்டச்சு செய்தார். உங்கள் லொறி இன்ன இன்ன திகதிகளில் இன்ன தெருவில் நின்றது, தண்டம் இதுவரை கட்டப்படவில்லை, கீழே சபை அதிகாரி உறுதிப்படுத்திய விபரம். கடிதத்தில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் தோட்டக் கந்தோரில் அதை வாசிப்பவர்களுக்கு அது வேறு ஒன்றைச் சொல்லும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை கவுண்டரில் ஏதோ சத்தம் கேட்டு வெளியே வந்தேன். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் சிவனு. நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. கையில் வசூல்காரருடைய கடிதத்தின் பிரதி.

"ஐயா, பத்தொம்போது துண்டு நான் கட்டலைன்னு எழுதியிருக்காங்க. எல்லாம் கட்டிட்டேங்க."

"எங்க கட்டினீங்க?"

"கடையில குடுத்தேங்க. கந்தோர்ல குடுக்கிற காச அப்படியே கடையில குடுத்துருவேன். அவங்க இங்க கொண்டாந்து கட்டிருவாங்க."

இந்த இடத்தில் என் மூளை எப்படி வேலை செய்தது என்பதைக் கேளுங்கள். கடைக் காசு எல்லாம் என் கையால் வாங்கியது. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு எழுதியாயிற்று. ஆகவே கடை வழியாக வந்த துண்டுகள் பாக்கிப் பட்டியலில் இருக்கவே முடியாது. ஆகவே இந்த ஆள் பொய் சொல்கிறார். கடையில் கொடுத்தேன் என்பதோ அந்தக் காலத்தில் எல்லாரும் சொல்கிற சாக்கு. எவ்வளவு தெளிவான யோசனை! அப்படித் தெளிவாக யோசிக்கிற நேரங்களில்தான் நம்மை நாமே பிடரியில் ஒரு தட்டுத் தட்டிக்கொள்ள வேண்டும்.

"ரசீது இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு ரசீது குடுக்கலீங்களே ஐயா."

"அப்ப நான் என்ன செய்ய? எனக்குப் பட்டியல்தான் கணக்கு."

"நான் காச சாப்புட்டுட்டேன்னு பெரட்டுல எல்லாரு முன்னாடியும் வச்சே தொர லொறிச் சாவிய வாங்கிட்டாருங்க. திங்கக்கெழமைக்குள்ள டிரைவர் வீட்ட காலி பண்ணணும். மூணு புள்ளைங்க இருக்கு. நான் எங்கங்க போவேன்?"

"அது தோட்டத்துப் பிரச்சின. ரசீதோட வாங்க, பாப்போம்."

சொன்னேன். அட்சரம் பிசகாமல் இப்படித்தான் சொன்னேன். நான் எழுதிக் கொடுக்காத பற்றுச்சீட்டை நானே அவரிடம் கேட்டேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுலடியில் உட்கார்ந்து கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தேன். மொஹிதீன் நானா மூச்சு வாங்க ஓடிவந்து பக்கத்தில் குந்தினார்.

"யா அல்லாஹ், உங்கட கவுண்டர்ல போட்டிருக்கிற அந்தப் புதுப் புள்ள இருக்கே தம்பி, என்னை ஜும்மாவுக்கு வரவுடாது போலிக்கி. பதினொரு துண்டுக்குப் பதினொரு சீட்டு எழுதுது! அதுக்குப் பொறகு பெரிய பொத்தகத்தத் தொறந்து ஒவ்வொண்ணா வெட்டுது. போன கெழம குத்பாவே போச்சு. நீங்க இருக்கக்குள்ள எவ்வளவு சுகம்! ஒரே சீட்டு, ஒரே ஓட்டம்!"

சிரித்துக்கொண்டே என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குக் கை அப்படியே தண்ணீரில் நின்றுவிட்டது. அந்த ஒரே சீட்டு. பல வாகனங்கள். குறிக்காத வரிகள். பியோனின் அடுப்பு. பத்தொன்பது துண்டு. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அன்றைக்குத் தொழுகையில் என்ன ஓதினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, படைத்தவன் மன்னிக்க வேண்டும்.

தொழுகை முடிந்ததும் மொஹிதீன் நானாவின் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நானா, எந்த லொறிக்குக் கட்டினீங்கன்னு நீங்களாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதாம? மொதலாளி என்னைக் கொன்னு போடுவாரே!"

மேசைக்குக் கீழேயிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கணக்குக் கொப்பிகளை எடுத்துப் போட்டார். வாரம் வாரமாக, லொறி இலக்கம், துண்டின் திகதி, கட்டிய நாள், எல்லாம் இருந்தது. சபையில் இல்லாத கணக்கு அரிசிக் கடையில் இருந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. கொப்பிகளை இரவல் வாங்கிக்கொண்டு நேரே செயலாளரின் அறைக்குப் போனேன்.

செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன், சத்தம் பிடிக்காது. கொப்பியையும் பற்றுச்சீட்டுகளின் அடிக்கட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன காணும் இது? உம்மட கையெழுத்துத்தானே?"

"என்னுடையதுதான் சேர்."

"விசாரணை எண்டு வந்தால் உம்மட சம்பள உயர்ச்சி போகும். தவிசாளர் குதிப்பார். நான் சொல்லுறதைக் கேளும். அந்த டிரைவரின்ர பத்தொன்பது வரியையும் வெட்டிப்போட்டு, 'திருத்தப்பட்டது' எண்டு தோட்டத்துக்கு ஒரு துண்டு அனுப்பும். மற்றவை கேட்டு வந்தால் அப்ப பாப்பம்."

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அரை நிமிஷம் அந்த யோசனை எனக்குத் தேனாக இனித்தது. ஒரு வரி, ஒரு முத்திரை, காதும் காதும் வைத்ததுபோல் முடிந்துவிடும். ஆனால் தோட்டக் கந்தோரில் அந்தத் துண்டை வாசிப்பவன் என்ன நினைப்பான்? சிவனு யாரையோ பிடித்துச் சரிக்கட்டிவிட்டார் என்றுதான் நினைப்பான். வீடு மிஞ்சினாலும் மிஞ்சும், கள்ளன் என்ற பெயர் போகாது.

"சேர், யார் பிழை என்று எழுதாவிட்டால் அது அந்த ஆளின் தலையிலேயேதான் இருக்கும். நான் நேரில் போய்ச் சொல்கிறேன். கடிதத்தில் உங்கள் கையொப்பமும் வேண்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் மினைக்கெட்டு உம்மட தலையில நீரே மண்ணைப் போடுறீர்," என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "சொல்லும், என்னெண்டு எழுத?"

தோட்டத்துக்குப் போகிற வழியில் வசூல்காரரின் மாடி அறைக்கு ஏறினேன். விஷயத்தைச் சொல்லி, என்னோடு தோட்டத்துக்கு வரச்சொல்லிக் கேட்டேன். அவர் தட்டச்சு இயந்திரத்தை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் எதுக்குங்க வரணும்? பட்டியல் நீங்க குடுத்தது. கையெழுத்து உங்களோடது. நான் ஒரு எழுத்து கூட்டவுமில்ல, குறைக்கவுமில்ல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனிதர் சொன்னதில் எதைப் பிழை என்று சொல்வது? படி இறங்கப் போனவனைக் கூப்பிட்டு ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் தந்தார். இதுவரை பதினொரு தோட்டங்களுக்கு அவர் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள். "இதெல்லாம் போன எடத்துலயும் கேட்டுப் பாருங்க. நீங்க சொல்ற வரைக்கும் இனி ஒண்ணும் அனுப்ப மாட்டேன்," என்றார். இதைச் செய்யவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

பின்னேரம் நாலு மணிக்குத் தோட்டக் கந்தோரில் இருந்தேன். அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டு அதிக காலம் ஆகவில்லை. துரை சிங்களவர், வயதில் என்னைவிடச் சின்னவர், வேலையில் கெடுபிடியானவர் என்று பெயர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்: "இந்த வாரத் தொடக்கத்தில் உங்கள் சபை சொன்னதாக ஒரு கடிதம். இன்றைக்கு உங்கள் சபை சொல்வதாக இன்னொரு கடிதம். நான் எதை நம்புவது?"

நியாயமான கேள்வி. கொப்பியை மேசையில் வைத்தேன். "என்னை நம்ப வேண்டாம். உங்கள் கந்தோர் அவருக்குக் காசு கொடுத்த திகதிகளை வாசிக்கச் சொல்லுங்கள்."

பெரிய கிளாக்கர் பேரேட்டைத் திறந்து வாசித்தார். நான் கொப்பியில் விரலை வைத்துக்கொண்டு போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் பொருந்திக்கொண்டே வந்தன. பதினான்காவதில் நின்றது. தோட்டம் காசு கொடுத்திருந்தது. அந்த வாரத்துக்குக் கொப்பியில் அந்த லொறியே இல்லை. துரை நாற்காலியில் சாய்ந்தார். சிவனுவை ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்கள், அவர் கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது கடக்காரங்க பெருநாக் கெழமைங்க," என்றார் அவர். "கட பூட்டியிருந்திச்சி. காச வீட்டுச் சாமி தட்டுல வச்சிருந்து, அடுத்த நடையில ரெண்டா சேத்துக் குடுத்தேன்."

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அந்த லொறி இலக்கம் அங்கே ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு தரம் இருந்தது. மொஹிதீன் நானாவின் கோணல் எழுத்தை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பத்தொன்பதும் பொருந்தியதும் துரை மேசை லாச்சியைத் திறந்து லொறிச் சாவியை எடுத்து நீட்டினார். வீட்டைக் காலி பண்ண வேண்டாம் என்றார். சிவனு சாவியை வாங்கவில்லை.

"தொர கோவிச்சுக்கக் கூடாதுங்க. சாவிய பெரட்டுல வச்சு வாங்கினீங்க. பெரட்டுல வச்சே குடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயாவும் வரணுங்க. இங்க சொன்னத அங்க சொல்லணும்."

துரையின் முகம் சிவந்தது. நான் முந்திக்கொண்டு "வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மற்றதெல்லாம் எப்படி முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்வி கேட்பீர்கள். பட்டியலைத் திரும்ப வாங்கி, கொப்பிகளோடு வைத்து வரி வரியாகப் பார்த்தோம். கவுண்டரில் இருந்த அந்தப் புதுப் புள்ளதான் எனக்கு உதவியாக உட்கார்ந்தாள். இரண்டாம் முறையும் கட்டியிருந்தவர்களுக்குச் சபை காசைத் திருப்பிக் கொடுத்தது. மற்ற பத்துத் தோட்டங்களுக்கும் நானே போனேன். உண்மையிலேயே பாக்கி வைத்திருந்தவர்களின் பட்டியல் மெலிந்து போயிற்று, ஆனால் அதை வசூல்காரர் மூன்று மாதத்தில் வசூலித்து முடித்தார். யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டியல் சுத்தமாக இருந்தால் வசூல் தானாக நடக்கும், இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். விசாரணை நடந்தது. ஒரு வருஷம் என் சம்பள உயர்ச்சி நின்றது. என் மனைவி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. செத்தா போய்விட்டேன்? அதற்குப் பிறகும் உயர்வு வந்தது, ஓய்வூதியமும் வருகிறது. பிழையை ஒத்துக்கொண்டால் வேலை போய்விடும் என்று நடுங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சரி, பெரட்டு. சனிக்கிழமை விடிய முன் ஒரு காரைக் கூலிக்குப் பிடித்துக்கொண்டு போனேன். தோட்டத்தில் காலையில் எல்லாரையும் ஓரிடத்தில் நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார்களே, அதுதான் பெரட்டு. கொழுந்துக் கூடையோடு பெண்கள், மண்வெட்டியோடு ஆண்கள், முன்னால் கங்காணிமார். இருநூறு கண்களும் என் கழுத்துப் பட்டியைப் பார்த்தன. துரை என்னைப் பேசச் சொன்னார்.

கூட்டங்களில் பேசிப் பழகியவன் நான். குரலைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன்: "சபையின் தண்டப் பதிவேட்டில் ஏற்பட்ட ஒரு குறைபாடு காரணமாக..."

முன் வரிசையில் நின்ற ஒரு பெண், கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள். மெதுவாகக் கேட்கவில்லை.

"ஐயா என்னாடி சொல்றாரு? அப்ப யாரு தப்பு பண்ணுனது?"

வரிசை முழுவதும் சிரிப்பு. கங்காணி அதட்டினார். நான் அவரைத் தடுத்தேன். அந்த அம்மாவை நேரே பார்த்துச் சொன்னேன்:

"நான்தாம்மா தப்புப் பண்ணினேன். சிவனு காசு எல்லாம் கட்டிட்டாரு. அத வாங்கினது நான். பொத்தகத்துல எழுதாம விட்டதும் நான். பாக்கின்னு கையெழுத்துப் போட்டதும் நான். அவரு ஒரு சதங்கூட எடுக்கல்ல."

துரை சாவியைக் கொடுத்தார். சிவனு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கங்காணி அடுத்த பெயரைக் கூப்பிட்டார், பெண்கள் மலைக்கு ஏறத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் போகிற போக்கில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மறைப்பானேன். ஒரு மனிதனின் வேலையும் வீடும் பெயரும் திரும்பக் கிடைத்தாயிற்று, அதைச் செய்தவன் நான் என்று ஒரு மிதப்பு. சிவனு டவுனுக்கு அரிசி ஏற்றப் போவதாகச் சொல்லி லொறியில் ஏறச் சொன்னார். காரை அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு மூன்று வளைவு தாண்டினோம். பிறகு அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"ஐயா, அன்னைக்கு கவுண்டர்ல வச்சு ரசீது எங்கன்னு கேட்டீங்கள்ல?"

"ம்."

"வீட்டுக்குப் போயி ராவும் பகலும் அதே யோசனைதாங்க. படிச்ச மனுசன், அவ்வளவு நிச்சயமா சொல்றாரு. ஒருவேள நாந்தான் கட்டலையோ? காச எங்கயாச்சும் செலவழிச்சிட்டு மறந்துட்டேனோ? கடைசில பொண்டாட்டிக்கிட்டயே கேட்டுட்டேங்க. ஏ புள்ள, நான் எப்பவாச்சும் அந்தக் காச எடுத்துக் குடிச்சிருக்கேனான்னு."

கியரை மாற்றினார். லொறி முனகிக்கொண்டு ஏறியது.

"நான் குடிக்கிறவனே இல்லீங்க ஐயா."